செம்போத்தின் கண்

"செம்போத்துக் கண்ணு விஷயத்தை யாருகிட்டயாவது சொன்னியளா?"

மட்டாஞ்சேரி வியாபாரிகள் சங்கத்தின் மரப்படியில் பாதி ஏறிய பொன்மணி, நின்று திரும்பிக் கேட்டாள்.

"நானா? நான் எதுக்குட்டி சொல்லப்போறேன்?" என்றார் அவள் புருஷன் தங்கையா.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலை?"

"உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணவா?"

"வேண்டாம். எந் தலை எனக்கு வேணும்." அவள் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. திரும்பி மேலே ஏறினாள்.

தங்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பொன்மணி அவர் காதோடு சொல்லியிருந்தாள். "நம்ம பெருங்காயப் பெட்டியில ஒரு ரகசிய அடையாளம் வச்சிருக்கேன். அட்டையில அச்சடிச்ச செம்போத்துப் பறவையோட சிவப்புக் கண்ணுல ஒரு ஊசித் துளை. வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரியும். வெளியில மூச்சு விடப்பிடாது."

மறுநாள் காலையிலேயே சாயாக்கடையில் ஒச்சப்பனிடம் மூச்சு விட்டார். ஒச்சப்பன் மூட்டை இறக்குவது ஷிபுவின் குடோனில்.

அந்த ஷிபுதான் இன்றைக்கு எதிராளி. பொன்மணியின் சரக்கைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் அதே பெட்டியை அச்சடித்து, உள்ளே முக்கால்வாசி மைதாவை அடைத்துத் தானே விற்கத் தொடங்கினான். சாம்பாரில் மணமே இல்லை என்று ஓட்டல்காரர்கள் பொன்மணியைத் திட்டினார்கள். அவள் புகார் கொடுத்தாள். அவனோ, செம்போத்து மார்க்கே என்னுடையது, அவள் சரக்குதான் கள்ளச் சரக்கு என்று திருப்பிப் புகார் கொடுத்தான். தோற்றவர் சரக்கு இனி இந்தக் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் ஏறாது. சுள்ளிக்கல்லில் அவளோடு பெருங்காயம் இடிக்கும் ஏழு பெண்களின் பிழைப்பும் அதோடு போய்விடும்.

சங்கச் செயலாளர் நீலகண்டன் மேஜையில் இரண்டு தரப்புப் பெட்டிகளும் அடுக்கியிருந்தன.

"ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு போலத்தான் இருக்கு. நான் எதை வச்சுத் தீர்ப்புச் சொல்ல?" என்றார் அவர்.

"வழி உண்டு சாரே!" ஷிபு துள்ளி எழுந்தான். "கள்ளன்மார் வருவாங்கன்னு எனக்கு முன்னமே தெரியும். என் பெட்டியில ஒரு ரகசிய அடையாளம் உண்டு. செம்போத்துக் கண்ணுல ஊசித் துளை. ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க."

தங்கையா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

நீலகண்டன் ஷிபுவின் பெட்டி ஒன்றைப் பிரித்து, அட்டையை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செம்போத்தின் கண் நட்சத்திரம் போல் மினுங்கியது. பத்துப் பெட்டி பிரித்தார். பத்திலும் கண் மினுங்கியது.

"இனி சேச்சியோடதைப் பாருங்க" என்றான் ஷிபு.

பொன்மணியின் பெட்டிகள் பத்தையும் பிரித்துப் பார்த்தார். ஒன்றில்கூட வெளிச்சம் வரவில்லை.

தங்கையா திகைத்தார். காய வாசனைக்குத் தும்மல் வருமென்று, பெட்டி அடைக்கிற பக்கமே போகாத மனிதர் அவர். இவள் ஏன் துளை போடவில்லை? அவன் தெரிந்துகொண்டான் என்று பயந்து நிறுத்திவிட்டாளா? பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"சாரே, தப்பு எம்மேல! அது எம் பொஞ்சாதி வச்ச அடையாளம். நான்தான் சாயாக்கடையில ஒச்சப்பன்கிட்ட உளறிட்டேன். அவன் வழியா இவனுக்குப் போயிருக்கு!"

பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே பாவி என்று தங்கையாவுக்குக் கண் கலங்கிற்று.

"அண்ணாச்சி நல்லா நாடகம் ஆடுதாரு" என்று சிரித்தான் ஷிபு. "சேச்சி வச்ச அடையாளம்னா சேச்சியோட பெட்டியில எங்கே? நான் தொடங்கின நாள்லருந்து துளை போட்டுத்தான் விக்கேன். சேச்சிக்குத் துளைன்னா என்னன்னே தெரியாது!"

பொன்மணி நிமிர்ந்தாள். "முதல் நாள்லருந்தா ஷிபு?"

"முதல் பெட்டியிலருந்து!"

"அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க சாரே."

ஷிபு பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டான்.

"அவ்வளவுதானா? நானும் எழுதட்டுமா ஷிபு பேர்ல வெற்றின்னு?" நீலகண்டன் அலுப்போடு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் சாரே" என்றாள் பொன்மணி. "நான் ரெஜிஸ்டர் தபால்ல ஒரு கவர் அனுப்பியிருந்தேன். நான் கேக்கையில பிரிக்கணும்னு மேல எழுதியிருக்கும்."

அவர் மேஜை இழுப்பறையைத் துழாவி எடுத்தார். அரக்கு உடையவில்லை. தபால் முத்திரை ஜூன் பன்னிரண்டு, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. ஷிபு கழுத்தை நீட்டிப் பார்த்தான். நீலகண்டன் கவரைக் கிழித்து, பொன்மணியின் மகள் ஷீஜாவின் கையெழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"ஐயா, என் பெட்டியில் ரகசிய அடையாளம் என்று எதுவுமே கிடையாது. செம்போத்துக் கண்ணில் ஊசித் துளை இருப்பதாக, இந்தத் தபாலைப் போட்டுவிட்டு ஒரே ஒருவரிடம் பொய் சொல்லப் போகிறேன். இனிமேல் துளை போட்ட பெட்டியோடு எவன் உங்கள் முன்னால் வந்து நிற்கிறானோ, அவன்தான் கள்ளன். கட்டாயம் வந்து நிற்பான். ஏனென்றால் நான் சொல்லப்போகிற அந்த ஒருவர், என் வீட்டுக்காரர்."