ஜெர்சன் சாரின் பரிசோதனை

“கைய வச்சுப் பாரு ஐரின், கொஞ்சங்கூடக் காய்ச்சல் இல்ல!”

ஜெர்சன் மனைவியின் கையைப் பிடித்து மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியில் வைத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் சில வருடம் உழைத்து, துடைத்துச் சரிசெய்து விற்பனைக்கு வந்திருந்த குட்டிக் கம்ப்யூட்டர் அது.

“அரை மணி நேரமா ஓடுது. அஞ்சாறு வேலைய ஒண்ணாக் குடுத்துட்டேன், பாட்டு வேற பாடுது. சூடும் இல்ல, சத்தமும் இல்ல. பழசுன்னு சத்தியம் பண்ணாக்கூட எவனும் நம்ப மாட்டான்.”

“நெசமாத்தாங்க. ஜில்லுன்னு இருக்கு” என்றாள் ஐரின். குரலில் சந்தேகம் பாதி கரைந்திருந்தது.

ஒத்தக்கடையில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தும் ஜெர்சனுக்குப் பழைய சாமான் வாங்குவதில் தனி ராசி உண்டு. அவர் வாங்கிய வாஷிங் மெஷின், துணி துவைக்கும்போது பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு நடந்து வரும். அவர் வாங்கிய இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்.

இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவன் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் இந்தத் தடவை சிரித்து மழுப்ப முடியாது. திங்கட்கிழமை முதல் ஐரின் துபாயிலிருக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் அலைந்து கிடைத்த வேலை. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தங்கை பெர்சி வந்து கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கட்டும் என்றுதான் அவள் இருந்தாள்.

“ஒரே ஒரு தடவ என்னைய நம்பு” என்று கெஞ்சி, டவுனுக்குள் இருந்த இந்தக் கடைக்கு ஜெர்சன் கூட்டி வந்திருந்தார்.

அவர்கள் வந்ததும், கடையில் வேலை பார்க்கும் முத்துமீனா பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். “ரெண்டு நிமிஷம் சார், மாடிக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்றாள்.

“நீங்க மெதுவா வாங்கம்மா. நமக்கு எல்லாம் தெரியும்” என்று ஜெர்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. கீபோர்டும் மவுஸும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மேசைக்குப் பின்னால் வயர்கள் புதராக மண்டிக் கிடந்தன.

மூன்று நாளாக வீடியோ பார்த்து எழுதிவைத்த பதினேழு சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பதினேழுக்கும் டிக் விழுந்தது. அவருடைய மாணவர்களில் ஒருவன்கூட இப்படி மார்க் வாங்கியதில்லை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெல்ல நெருங்கி வந்தார். பேரையூரிலிருந்து வந்திருந்தார், பெயர் மொக்கைச்சாமி.

“வாத்தியாரய்யா, எம்மகளுக்கு ஒண்ணு வேணும். நமக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க கை காட்டுறத வாங்கிட்டுப் போறேன்.”

“இதே மாதிரி ஒண்ணு எடுங்கண்ணே. பழசு வாங்குறப்ப ரெண்டே வெசயம்தான். காதக் குடுத்துக் கேக்கணும், கைய வச்சுப் பாக்கணும். நானும் ஏமாந்த சோணகிரியா இருந்து கத்துக்கிட்டதுதான்.”

இன்வெர்ட்டர் கதையையும் வாஷிங் மெஷின் கதையையும் ஜெர்சன் விலாவாரியாகச் சொன்னார். மொக்கைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெர்சனும் கூடவே சிரித்தார். அந்த ஜெர்சன் வேறு யாரோ என்பதுபோல் இருந்தது அவருக்கு.

மொக்கைச்சாமி நேராகக் கல்லாவுக்குப் போனார். “அதே மாதிரி ஒரு பெட்டி குடுங்க. போட்டெல்லாம் காட்ட வேணாம், வாத்தியாரு பாத்துட்டாரு” என்று பணத்தைக் கட்டிவிட்டார்.

ஐரின் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, சொந்தபந்தம் மொத்தமும் இருக்கும் குடும்பக் குரூப்பில் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தாள்.

“பெர்சி, நீ மெனக்கெட்டு வர வேண்டாம். ஒங்க அத்தானே எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிட்டாரு. கடைக்கு வந்தவங்க இவரக் கேட்டுத்தான் வாங்குறாங்க, தெரியுமா? நான்தான் இத்தன வருஷமா இவரத் தப்பா நெனச்சிட்டேன்.”

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் ஜெர்சன் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. அவள் பேசுவது தெளிவாகப் பதிவாகட்டும் என்று எட்டிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். ஐரின் செய்தியை அனுப்பினாள்.

அப்போது முத்துமீனா வியர்க்க விறுவிறுக்க மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் ஒட்டடை, கையில் தூசி படிந்த ஒரு வயர்.

“மன்னிச்சுக்கோங்க சார், இந்தக் கரண்ட் வயரத் தேடி குடோனையே பொரட்டிப் போட்டுட்டேன். நல்லவேள, அதுவரைக்கும் எங்க கடை கம்ப்யூட்டர்ல பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள்.

“ஒங்க பெட்டிய இனிமேத்தான் ஆன் பண்ணணும்.”