அப்படியே வச்சுக்குவோம்

உமையாள் முடிச்சுக் கணிதத்தில் ஆய்வு செய்பவள். நிறுவாத ஒரு வரியைக்கூட நம்பமாட்டாள். அவள் பாடம் எடுக்கும் வகுப்பில் எல்லார் காதிலும் காதுமணி என்ற சின்னக் கருவி இருக்கும். அவள் எதைச் சொன்னாலும், அவரவருக்கு வைத்த நிலைக்குத் தக்கபடி அதில் எளிதாக மாறி, அவள் குரலிலேயே போய்ச் சேரும். யாரும் விடுபடக் கூடாது என்பதில் அவளுக்கு அத்தனை பிடிவாதம்.

வகுப்பு முடிந்ததும், கடலோர உவரியிலிருந்து வந்து படிக்கும் மாணவி ரெக்சலின், அவள் மேசையருகே வந்தாள்.

“மேடம், இன்னைக்கு காதுமணில சார்ஜ் இல்ல. ஜன்னல்கிட்ட சார்ஜ் போட்டுட்டு, அது இல்லாமத்தான் கேட்டேன்.”

“ஐயோ, ஒண்ணும் புரிஞ்சிருக்காதேம்மா?”

“எல்லாம் புரிஞ்சுது மேடம். ஆனா ‘நிறுவுவோம்’னு சொன்னீங்கள்ல, அத நான் கேட்டதே இல்ல. எனக்கு எப்பவும் ‘இத அப்படியே வச்சுக்குவோம்’னுதான் கேக்கும். கணக்குன்னாலே அப்படித்தான்னு நெனச்சிட்டேன்.”

உமையாளுக்கு முகம் சுட்டது. முதல் வாரம் இவள் ஒரே ஒரு தடவை ‘புரியல’ என்றதற்கு, இவள் காதுமணியைக் கடைசி நிலையில் போட்டது உமையாள்தான். சோதித்துப் பார்க்கவில்லை. பரிதாபப்பட்டதோடு சரி.

அதற்குள் ரெக்சலின் ஜன்னலுக்குப் போய், சார்ஜ் ஏறியிருந்த காதுமணியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

“தப்பு என்னோடதும்மா,” என்றாள் உமையாள். “உனக்கு வராதுன்னு நானா முடிவு பண்ணி, உன்னைக் கீழ வச்சுட்டேன்.”

ரெக்சலின் கவனமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“சரி மேடம். அப்படியே வச்சுக்குறேன்.”

மன்னிப்பும் கடைசி நிலைக்கு மாறித்தான் போயிருக்கிறது; காதுமணியைக் கழற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல உமையாளுக்கு வாய் வரவில்லை.