பைப்புக்குள் ஒரு பைப்பு

"ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூத்தி அறுவது ரூவா. அதுல ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன்வே!"

ஜெபமணி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த மராட்டிக் கிழவர், பாஷை புரியாவிட்டாலும், சண்டை என்று தெரிந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

ஷேக் முகைதீனுக்கு மானம் போயிற்று. அவர் இந்த மராட்டிச் சீமைக்குப் பிழைக்க வந்த பிளம்பர். ஜெபமணிக்குச் சாங்வியில் ஹார்டுவேர் கடை. நாலு வருஷத்துக்கு முன்னால் பாணேரில் ஒரு பில்டரை நம்பி, ஜெபமணி கடையில் கடனுக்குப் பைப்பு எடுத்து, எட்டு மாடிக்கும் வேலையை முடித்துக் கொடுத்தார் முகைதீன். பில்டர் கம்பி நீட்டிவிட்டான். கடன் இவர் தலையில் விழுந்தது.

"மெதுவாப் பேசும்வே. சண்டை போடவா உம்மை வரச் சொன்னேன்? அந்தக் கடனை மன்னிச்சு ஹலாலாக்கி விட்டுடும்னு கேக்கத்தான் என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன்."

"நான் எதுக்கு மன்னிக்கணும்?"

"இந்த ஆப்பரேசன் எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போறேன். போற காலத்துல கடனோட போகக் கூடாது பாரும்."

அவர் வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்தில் சைக்கிள் டியூப் மாதிரி ஊதிக் கிடந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கும். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். தொடையில் சின்னத் துளை போட்டு, துணி சுற்றிய கம்பிவலைக் குழாயை மடக்கி உள்ளே அனுப்பி, ஊதின இடத்தில் விரித்துவிட்டால் போதும், ரத்தம் அதற்குள்ளேயே ஓடிவிடும் என்றார் டாக்டரம்மா. செலவை ஆஸ்பத்திரி டிரஸ்ட் ஏற்றுக்கொண்டாயிற்று. முகைதீனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மூன்று நாளாக அவர் பேனாவைத் தொடவில்லை.

"முப்பது வருசம் பைப்போட மாரடிச்சவன் நான்" என்றார் முகைதீன். "பைப்பு ஊதிட்டா அறுத்துப் போட்டுப் புதுசு மாட்டணும். அதுக்குள்ளயே இன்னொரு பைப்பைச் சொருகினா நிக்குமாவே? நீரே சொல்லும்."

"நான் பைப்பு விக்கறவன். எனக்கு என் ரூவா வேணும்."

"ரெண்டு பிள்ளைகளையும் கட்டிக் குடுத்தாச்சு. தொழுகை, நோன்பு எதுவும் பாக்கி இல்ல. இந்த ஒத்தக் கடன்தான் நெஞ்சுல கெடந்து உறுத்துது. ஒரு வார்த்தை சொல்லிட்டீருன்னா நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

"அது நடக்காது! நீரு மவுத்தானா, உம்ம மய்யித்தை முன்னால வச்சுக்கிட்டு, 'இவரு யாருக்காவது பாக்கி தரணுமா'ன்னு கேப்பாங்கல்லா? மொத ஆளா நான் கையத் தூக்குவேன். ஜமாத்தே கேக்க, ரூவாக் கணக்கைச் சத்தமாச் சொல்லுவேன்."

முகைதீனின் முகம் கறுத்தது.

அவர் மனைவி சபூரா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, படுத்துக் கெடக்கற மனுசன்கிட்டயா இப்படிப் பேசுதீங்க? உங்களுக்கு ஈவு இரக்கமே கெடையாதா?"

"அப்போ நீ குடு தாயி. வாங்கிட்டுப் போறேன்."

"நான் எங்க போவேன்? சாப்பாட்டு டப்பா கட்டிக் குடுத்து வர்ற காசு அரிசிக்கே காணாது."

"பொறவு? உன் மாப்பிள பொழைச்சு எந்திரிச்சு வந்து சம்பாதிச்சுத் தரட்டும். எங்க தரப்போறாரு! எட்டாவது மாடிக்கு வெளிய கயித்துல தொங்கிப் பைப்பு மாட்டினவரு, தொடையில ஒரு ஓட்டைன்ன உடனே நடுங்குதாரு. பயந்தாங்கொள்ளி!"

"யாருவே பயந்தாங்கொள்ளி?" முகைதீன் எழுந்து உட்கார்ந்தார். "சிஸ்டர்! அந்தப் பேப்பர் லாவோ!"

"காகா, இத்தே சஹி கரா" என்று நர்ஸ் இடத்தைக் காட்டினாள். பேப்பர் கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"உம்ம ரூவாயை உம்ம மேசையில எறியாம நான் சாக மாட்டேன்வே!"

"பாப்போம், பாப்போம்." ஜெபமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போன பைப்பு நின்றது. நாலாம் நாள் முகைதீன் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்து, "ஜாயின்டுல சொட்டு லீக் இல்ல. நல்ல வேலைக்காரி அந்த டாக்டரம்மா" என்றார்.

அப்புறம் அவர் உழைத்த உழைப்பைச் சொல்லி மாளாது. ஏணி ஏறக்கூடாது என்றதால் கீழே நின்று ஆள் வைத்து வேலை வாங்கினார். கடை டீயை விட்டார், ரிக்‌ஷாவை விட்டார், ஞாயிற்றுக்கிழமையையும் விட்டார். சபூரா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். ஏழாவது மாதம் தொகை நிறைந்தது. அன்றைக்கே சாங்விக்குப் போய் ஜெபமணியின் மேசையில் தொப்பென்று போட்டார்.

"எண்ணிக்கிடும்!"

ஜெபமணி கையை நீட்டவில்லை. "எடுத்துட்டுப் போம்வே."

"என்ன, பிச்சை போடுதீரா? மன்னிக்க மாட்டேன்னு அந்தக் குதி குதிச்சீரு?"

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? நீரு ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கு ஒரு வருசம் முந்தியே, டப்பாக் காசைச் சேத்துச் சேத்துக் கொண்டாந்து சபூரா மொத்தத்தையும் அடைச்சிட்டா. உமக்குத் தெரிஞ்சா ரோசப்படுவீரு, சொல்லிடாதீங்க அண்ணாச்சின்னா."

முகைதீன் அங்கே கிடந்த பைப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ... அன்னைக்கு வார்டுல?"

"வரச் சொன்னது நீரு. வந்து என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்தது உம்ம பொண்டாட்டி."