குறுக்கே வந்த அலை

"அந்த மூக்கன் வீட்டுக்குப் போய்ப் பாருங்க தம்பி. அவரு கூரையில என்னத்தையோ மாட்டுன நாள்லயிருந்துதான் எங்களுக்கு நெட் விட்டு விட்டுப் போகுது."

ஜெயந்தினி கை காட்டிய திசையில், அலை தேடும் அன்டெனாவைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்து வீட்டு வரிசைக்கு இறங்கினான் கிஷாந்த். டவரிலிருந்து லிந்துலைத் தோட்டத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் டெக்னீஷியன்.

ஜெயந்தினிக்கு வயிற்றெரிச்சல். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காக, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை அவளுக்கு. பேச்சு பாதியில் அறுந்தால் யார் பொறுப்பார்கள்? இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

போனவனைக் காணோம். எட்டிப் பார்த்தாள். மூக்கன் வீட்டு வாசலில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். மேலே ஏறி வந்தபோது கையில் ஒரு பை நிறையக் கரட்!

"என்ன தம்பி, கண்டுபிடிச்சீங்களா?"

"டவரத்தான் சரி பண்ணணும் அக்கா. வேற அலைவரிசைக்கு மாத்திர்றோம்."

"அப்ப மூக்கன் வீட்டுல?"

"அவங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா."

ஜெயந்தினி கரட் பையைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

அன்று பகல் முழுக்கக் கொட்டுகிற மழையில் கிஷாந்த் வீடு வீடாக ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்த டிஷ் ஒவ்வொன்றையும் புது அலைவரிசைக்கு மாற்றினான்.

"மூக்கன் வீட்டுல ஒரு சுவிட்ச அமத்துனா முடியிற வேலை. கரட்டுக்கு வாய வித்துட்டு, இப்ப கூரை கூரையா ஏறுறான் பாரு" என்று பக்கத்து வீட்டு சர்மிளாவிடம் பொரிந்தாள் ஜெயந்தினி.

அதோடு விடவில்லை. 'உங்கள் ஆள் கீழ் லயத்தில் நெட்டைக் குழப்பும் யாரையோ காப்பாற்றுகிறார்' என்று கம்பெனி ஆபீசுக்கு முறைப்பாடும் அனுப்பினாள்.

அதன் பிறகு நெட் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. மூக்கனை நேரில் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டுமென்று மறுநாள் கீழே இறங்கிப் போனாள்.

மூக்கன் தேயிலை பெக்டரிக்கு வேலைக்குப் போயிருந்தார். கட்டிலில் அவர் மனைவி லெட்சுமி மட்டும். கொழுந்து எடுக்கும்போது மலையில் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளால் எழும்ப முடியாது. எதிர்ச் சுவரில் சின்னதாக ஒரு கேமரா. அதன் வயர் கூரைக்கு ஏறியது.

"இது வழியா அவரு பெக்டரியில நின்னுக்கிட்டே என்னயப் பாத்துக்குவாரு தங்கச்சி. இந்தப் பள்ளத்துல போன் எங்க எடுக்குது? நான் கையத் தூக்குனா ஓடி வந்துருவாரு. நேத்து அந்த நெட்டுத் தம்பி வந்து நின்னப்பயும், யாரோ ஆளுன்னு இதுல பாத்துட்டுத்தான் ஓடி வந்தாரு."

"அப்ப எங்க நெட்டக் குழப்புனது..."

"இதுதானாம். ரெண்டும் ஒரே அலையில போயி இடிச்சுக்குதாம். அந்தத் தம்பி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ஒன் வேலைக்கே மோசம்னு கேட்டதும் எங்க வீட்டுக்காரரு மறுபேச்சு இல்லாம வயரப் புடுங்கிட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

"பெறகு?"

"அந்தத் தம்பிதான் திரும்ப மாட்டி விட்டாரு. 'இது அனுமதி இல்லாத சாமான், ஆபீசுக்குத் தெரிஞ்சா எடுத்துட்டுப் போயிருவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, நாங்க வேற அலைக்கு விலகிப் போறோம்'னாரு. ஒன்கிட்ட மட்டும் மறைக்க மனசு வரல. குடுக்க எங்ககிட்ட என்ன இருக்கு? வேணாம் வேணாம்னவரு கையில, பின்னால போட்டிருந்த கரட்டத்தான் புடுங்கித் திணிச்சோம்."

லெட்சுமியின் கால்மாட்டில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள் ஜெயந்தினி.

படியேறி மேலே வந்ததும் போன் அடித்தது. கம்பெனி ஆபீஸ்.

"மிஸ், நீங்க எழுதினது உண்மைன்னா கிஷாந்த இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திருவோம். கீழ் லயத்துல அவரு யாரக் காப்பாத்துறாரு? பேரச் சொல்லுங்க."

"அப்படி யாருமே இல்லீங்க" என்றாள் ஜெயந்தினி. "கோவத்துல நான்தான் பொய் எழுதிட்டேன்."