நீலக் கைப்பிடி

பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்ததிலிருந்து செண்பகவல்லி சமையலறைப் பக்கமே போகவில்லை. இன்று பாத்திரக் கடையில் விற்பனைப் பெண் நான்ஸ்டிக் செட்டுகளைப் பரப்பி, கோட்டிங்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தவாவாக வலது கையால் தூக்கிப் பார்த்தாள். எதுவும் மேசையைவிட்டு எழும்பவில்லை. நீலக் கைப்பிடி போட்ட செட்டின் தவா மட்டும் மெல்ல மேலே வந்தது. மணிக்கட்டு நடுங்கியது, பிடி நழுவவில்லை.

"இடது கையையும் குடுத்துப் பிடிம்மா," என்று கணவர் அருணகிரி பதறிக்கொண்டு வந்தார்.

"தள்ளி நில்லுங்க."

தவாவை ஒரு சுண்டு சுண்டி, இல்லாத தோசையை அந்தரத்தில் திருப்பிப் போட்டாள். விற்பனைப் பெண் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டினாள். "இதையே பேக் பண்ணட்டுமாம்மா?"

செண்பகவல்லி தவாவைக் கொடுக்கவில்லை.

"மத்ததைப் பண்ணு கண்ணு. இவருக்கு இன்னொரு தோசை வார்த்துட்டுத் தரேன்."