பேரம் படியாத மீட்டர்

வாசலில் தண்ணீர் மீட்டர் மாட்டிய நாளிலிருந்து கொல்லைப்புறக் குழாய்க்கு ஒரே நடுக்கம். வீட்டுக்காரி செண்பகவல்லி குடம் குடமாக எண்ணி, "நமக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் போதும். மீட்டருக்கு மாறினா பாதிக் காசு மிச்சம்" என்று புருஷனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். குழாய் ராப்பகலாக ஒழுகுவதை அவள் எண்ணவே இல்லை. அது தெரிந்துவிட்டால் தன் இடம் பழைய இரும்புக் கடைதான் என்று குழாய்க்குத் தெரியும்.

"அண்ணே, பத்துச் சொட்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சுக்குங்க" என்று அது மீட்டரிடம் கெஞ்சியது. "சரி, அஞ்சுக்கு ஒண்ணு. அதுக்குமேல என்னால முடியாது."

"என்கிட்ட பேரம் எல்லாம் படியாது தம்பி. தண்ணி ஓடினா நான் சுத்துவேன்."

கழிப்பறையிலிருந்து ஃப்ளஷ் டேங்க் சிரித்தது. "சொட்டுச் சொட்டுன்னு ஊரைக் கூட்டினா இப்படித்தான். எங்கிட்ட இருந்து என்னைக்காவது சத்தம் வந்திருக்கா?"

மாதக் கடைசியில் பில் பழைய கட்டணத்தைப் போல இரண்டு மடங்காக வந்தது. செண்பகவல்லி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தாள். குழாய் இரும்புக் கடையை நினைத்துக்கொண்டது. அவளோ அதன் தலையைக் கழற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினாள். ஒழுகல் நின்றது. பிழைத்தோம் என்று நம்பவும் குழாய்க்குப் பயமாக இருந்தது.

அவள் வாசலுக்குப் போய் மீட்டரைக் குனிந்து பார்த்தாள். எல்லாக் குழாயும் மூடியிருந்தும் அது சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பேனரோடு அவள் கழிப்பறைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே," என்று உள்ளிருந்து ஒரு குரல் நடுங்கியது, "பத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாமா?"