பன்றிக்கு வாங்கிய துப்பாக்கி

“யாரும்மா இப்படி அடிச்சது?”

எஸ்.ஐ. ஸ்ரீதேவி கேட்டதும் சுந்தராம்பாள் சட்டென்று முந்தானையை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டாள். கையிலிருந்த நீளமான மூட்டையை மேசை மேல் வைக்கக் குனிந்தபோது சேலை விலகிவிட்டது. ரவிக்கையின் கழுத்தோரத்தில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது தெரிந்துவிட்டது.

“அடியெல்லாம் இல்லீங்க மேடம். இத நீங்களே வெச்சுக்கங்க. அது போதும்.”

ஏட்டம்மா பசம்மா மூட்டையின் போர்வையைப் பிரித்தாள். உள்ளே ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி. “அய்யோ, கோவி!” என்று கன்னடத்தில் அலறினாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

சுந்தராம்பாள் கூனிக் குறுகிப்போனாள். மைசூர் விஜயநகரில் மகன் ரவி கட்டிய வீட்டில் நாலு பேர் மதிக்க இருக்கிறவள், இந்த வயதில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் பின்னே எப்படி இருக்கும்?

ஸ்ரீதேவி கொள்ளேகால் பக்கத்துப் பெண். தமிழும் சரளம், சட்டமும் சரளம்.

“லைசென்ஸ் யார் பேர்ல?”

“எங்க வூட்டுக்காரர் பேர்லீங்க. கோபிநத்தத்துல எங்க சோளக்காட்டுல பன்னித் தொல்லை. அதுக்குன்னு வாங்குனது. நான் ஊர்ல இருந்த வரைக்கும் ராத்திரியில நானும் அவரும் மாத்தி மாத்திக் காவல் இருப்போமுங்க.”

“பயிர்க்காவலுக்குக் குடுத்த லைசென்ஸ் அந்தக் காட்டோட சரி. துப்பாக்கி மைசூருக்கு எப்படி வந்துச்சு?”

“அதேதானுங்க நானும் நேத்துக் கேட்டேன்! தீபாவளிக்கு ஊர்லருந்து வந்தவரு இதையும் தூக்கிட்டு வந்தாரு. ஏனுங்க இது இங்கன்னு கேட்டா, காட்டை வித்தாச்சுங்கறாரு. எங்கப்பன் எனக்குச் சீராக் குடுத்த காடு மேடம். மாப்பிள்ளைன்னு நம்பி அவரு பேர்ல எழுதி வெச்சாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க.”

சொல்லும்போதே சுந்தராம்பாளுக்கு மூச்சு வாங்கியது. ஸ்ரீதேவியின் பார்வை மறுபடி அந்தத் தோளுக்குப் போனது. கேட்டதற்குக் கிடைத்த கூலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“காடு போனா லைசென்ஸுக்கும் காரணம் போச்சு. துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியதுதான். ஆனா லைசென்ஸ்காரர்தான் கொண்டுவரணும். அவர் எழுதிக் குடுக்காம நீங்க தூக்கிட்டு வந்தா உங்க மேலயே கேஸ் போடலாம், தெரியுமா?”

“போடுங்க மேடம்,” என்றாள் சுந்தராம்பாள்.

பாவம், வீட்டுக்குப் போவதைவிட ஜெயில் தேவலை என்று நினைக்கிறாள் என ஸ்ரீதேவிக்கு மனசு இளகியது. அதற்குள் பசம்மா துப்பாக்கியை மடக்கித் திறந்து குழலை முகர்ந்தாள்.

“மேடம், சுட்டிருக்கு. மருந்து வாசனை இன்னும் போகல.”

நேற்று தெருவெல்லாம் வெடி. அதில் ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்டால் யார் கவனிக்கப்போகிறார்கள்? மகனும் மருமகளும்கூட நஞ்சன்கூட்டில் சம்பந்தி வீட்டில் இருந்தார்கள்.

ஸ்ரீதேவி போனை எடுத்து சுந்தராம்பாளின் கணவர் ஆறுமுகசாமியை வரச்சொன்னாள். மனிதர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். மேசை மேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சுந்தராம்பாள் நிமிரவே இல்லை.

“நேத்து சுட்டது நீங்கதானே?”

“ஆமாங்க. செவுத்துலதான் பட்டுச்சு. ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க.”

“ஆகலையா? இவங்க தோளைப் பார்த்தீங்களா?”

ஆறுமுகசாமி அப்போதுதான் பார்ப்பவர் போல அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அதுவும் நாந்தானுங்க,” என்றார்.

“வெட்கமா இல்ல? பொண்டாட்டி சீதனத்தையும் விப்பே, கேட்டா அடிப்பே, துப்பாக்கியும் எடுப்பே! பசம்மா, இவரை உள்ள கூட்டிட்டுப் போங்க. ரெண்டு கேஸையும் சேர்த்தே எழுதணும்.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். போகிற போக்கில் மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ வூட்டுக்குப் போ சுந்தரம். ரவி கேட்டா, அப்பன் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு. தோளுக்கு ஒத்தடம் குடு.”

சுந்தராம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காட்டை விற்றவர்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த மனுஷன் வெறுங்காலோடு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதை அவளால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவர உடுங்க மேடம்.”

“பயப்படாதீங்கம்மா. இனிமே உங்களை அவர் தொடமாட்டார்.”

சுந்தராம்பாள் தோளை மூடியிருந்த முந்தானையைத் தன் கையாலேயே விலக்கினாள்.

“இது நான் சுட்டப்ப துப்பாக்கி இடிச்சதுங்க மேடம்.”